மண்ணுக்குள் மறைந்த பனி: செவ்வாயைப் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் பெட்டிச் செய்தி ஒன்றில், ‘செவ்வாய்க் கோளின் நடு அட்சரேகைப் பகுதிகளில் மண்ணுக்கு அடியில் ஏராளமான பனிக்கட்டி இருப்பதைச் சுற்றுகலன்கள் கண்டறிந்துள்ளன’ என்று நான்கே வரிகளில் எழுதியிருந்தேன். எப்படிக் கண்டறிந்தன என்பதைச் சொல்லாமல் விட்டது என் குறைதான். அதைச் சுட்டிக்காட்டி வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றை எடுத்துக்கொண்டு இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்): பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலத்துக்கு மண்ணுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரியும்? புகைப்படக் கருவி மேற்பரப்பைத்தானே காட்டும்? ‘கண்டறிந்துள்ளன’ என்று எழுதுகிறீர்கள். அது கண்டறிதலா, ஊகமா?

பதில்: ஐயா, இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருக்கிறது: அனுமானம். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று சொல்வதைப் போன்றது. சுற்றுகலனில் உள்ள எந்தக் கருவியும் மண்ணுக்குள் கிடக்கும் பனியை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு கருவி நியூட்ரான்களை எண்ணுகிறது, மற்றொன்று எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது, இன்னொன்று தரையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறது. ‘பனி’ என்ற சொல் அந்த எண்களில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. எண்களை வைத்து நாம் வந்து சேரும் முடிவு அது.

முதலில் வந்த வலுவான சான்று நியூட்ரான்கள் வழியாகக் கிடைத்தது. 2001 அக்டோபரில் செவ்வாயைச் சென்றடைந்த நாசாவின் மார்ஸ் ஒடிசி கலத்தில் காமா கதிர் நிறமாலைமானியும் இரண்டு நியூட்ரான் உணர்கருவிகளும் இருந்தன; அவற்றில் ஒன்று ரஷ்யாவில் செய்யப்பட்டது. செவ்வாயின் காற்று மண்டலம் மிக மெலிதானது என்பதால், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தடையின்றித் தரையைத் தாக்கி, மண்ணிலுள்ள அணுக்கருக்களிலிருந்து நியூட்ரான்களைத் தெறிக்க வைக்கின்றன. அந்த நியூட்ரான்கள் மண்ணுக்குள் அங்கும் இங்கும் மோதி, ஒரு பகுதி மேலே தப்பி விண்வெளிக்கு வருகின்றன. எத்தனை வருகின்றன, எந்த வேகத்தில் வருகின்றன என்பதுதான் செய்தி.

சிறு வயதில் கோலி விளையாடியவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். கோலியைக் கருங்கல் மீது அடித்தால் ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பி வரும். அதே அளவுள்ள இன்னொரு கோலியை நேருக்கு நேராக அடித்தால், அடித்த கோலி நின்றுவிடும், அடிபட்டது ஓடும். சிலிக்கான், இரும்பு போன்றவற்றின் அணுக்கருக்கள் நியூட்ரானுக்குக் கருங்கல். ஹைட்ரஜன் அணுக்கருவோ ஏறக்குறைய நியூட்ரானின் நிறையே உடையது. ஆகவே மண்ணில் ஹைட்ரஜன் மிகுந்திருந்தால் நியூட்ரான்கள் சில மோதல்களிலேயே வேகத்தை இழந்துவிடும், நடுத்தர வேகமுள்ள நியூட்ரான்கள் மேலே வருவது வெகுவாகக் குறைந்துவிடும். வேகமிழந்த நியூட்ரானை ஹைட்ரஜன் அணுக்கரு பிடித்துக்கொள்ளும்போது 2.22 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் ஒன்று வெளிப்படும். அந்த ஆற்றல் ஹைட்ரஜனின் கையெழுத்து. விண்கலத்தின் உடலே காஸ்மிக் கதிர்களால் காமா கதிர்களை உமிழும் என்பதால், காமா உணர்கருவியை ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள ஒரு கழியின் நுனியில் தள்ளி வைத்தார்கள்.

2002ஆம் ஆண்டிலேயே முடிவு தெளிவாகிவிட்டது. தெற்கே 60 பாகைக்கு அப்பால், சில பத்து சென்டிமீட்டர் உலர்ந்த மண்ணுக்குக் கீழே, பருமனளவில் பாதிக்கும் மேல் பனி இருந்தாலன்றி விளங்காத அளவுக்கு ஹைட்ரஜன் தென்பட்டது. வடக்கே அப்போது குளிர்காலம். உறைந்த கார்பன் டை ஆக்சைடு தரையைப் போர்த்தியிருந்தது. அது நியூட்ரான் கணக்கைக் குழப்பும் என்பதால், வடக்கில் அந்தப் போர்வை விலகும் வரை காத்திருந்து, அங்கும் அவ்வாறே இருப்பதைப் பின்னர் உறுதிசெய்தார்கள்.

இந்த முறைக்கு இரண்டு பெரிய குறைகள். முதல் ஒரு மீட்டருக்குக் கீழே இருப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தவிர, வரைபடத்தில் அது காட்டும் ஒரு புள்ளி என்பது சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பரப்பு. சென்னைக்கும் மதுரைக்கும் நடுவில் எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

கேள்வி (வேதியியல் முதுகலை மாணவி): ஹைட்ரஜன் இருக்கிறது என்றால் நீர்ப்பனி என்று எப்படி முடிவு கட்டலாம்? ஜிப்சம் போன்ற நீரேறிய தாதுக்களிலும் களிமண்ணிலும் ஹைட்ரஜன் உண்டே?

பதில்: நியாயமான ஐயம். செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் காணப்படும் சிறிதளவு ஹைட்ரஜனுக்கு நீங்கள் சொல்லும் தாதுக்களே போதிய விளக்கம். துருவத்தை நெருங்கிய பகுதிகளில் அந்த விளக்கம் செல்லாது. தாதுக்கள் தம்முள் அடக்கிக்கொள்ளக்கூடிய நீரின் அளவை அங்குள்ள அளவு மிஞ்சிவிடுகிறது. ஆனாலும் இதைக் கணக்கோடு நிறுத்திவிடாமல் தோண்டியே பார்த்தார்கள்.

2008 மே 25 அன்று பீனிக்ஸ் என்ற தரையிறங்கு கலம் வடக்கே 68 பாகை அட்சரேகையில் இறங்கியது. ஒடிசியின் வரைபடத்தை நம்பித் தேர்ந்தெடுத்த இடம் அது. கலத்தின் கை தோண்டிய ஒரு குழியில், சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே வெண்மையான கடினப் பரப்பு தெரிந்தது. அந்தக் குழியின் மூலையில் தாயக்கட்டை அளவில் சில வெள்ளைத் துண்டுகள் கிடந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணவில்லை. துண்டுகள் உப்பாக இருந்தால் மறைந்திருக்காது. உறைந்த கார்பன் டை ஆக்சைடாக இருந்தால் அந்த வெப்பநிலையில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. நீர்ப்பனி மட்டுமே அப்படி நிதானமாக, உருகாமல், நேரே ஆவியாகப் பதங்கமாகிப் போகும். ஜூலை இறுதியில் கலத்திலிருந்த அடுப்பில் மண்ணைச் சூடாக்கி, வெளிவந்த ஆவி நீராவிதான் என்பதையும் உறுதிசெய்தார்கள். பல கோடி ரூபாய்க் கருவிகள் சேர்ந்து தந்த சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தத் துண்டுகள் காணாமற்போன இரண்டு படங்கள்தான்.

கேள்வி (ஆழ்துளைக் கிணறு அமைக்கும் தொழில் செய்பவர்): எங்கள் ஊரில் தண்ணீர் பார்ப்பதற்குச் சிலர் கையில் தேங்காயை வைத்து நடப்பார்கள். நாங்கள் ரெசிஸ்டிவிட்டி மீட்டர் வைத்துப் பார்க்கிறோம். அதற்கே பல நேரங்களில் ஏமாந்து போகிறோம். இங்கே 300 அடியில் இருப்பதைச் சொல்ல முடியாத நிலையில், செவ்வாயில் 300 அடியில் இருப்பதை வானத்திலிருந்து சொல்கிறார்கள் என்பதை நம்பலாமா?

பதில்: தேங்காயைப் பற்றிய என் கருத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் மீட்டர், தரையில் அடித்த கம்பிகள் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி மண்ணின் மின்தடையை அளக்கிறது. தரையைத் தொடாமல் அந்த வேலை நடக்காது, ஆகவே சுற்றுகலனுக்கு அது பயன்படாது. சுற்றுகலன் செய்வது வேறு: ரேடியோ அலையைக் கீழே அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. ரேடார்தான், ஆனால் விமானத்தைத் தேடும் ரேடாரைவிட மிக நீண்ட அலைகளைப் பயன்படுத்துவது.

செவ்வாயில் முடிவது இங்கே முடியாததற்குக் காரணம், இங்கே தண்ணீர் தண்ணீராகவே இருப்பதுதான். நீர்ம நிலையிலுள்ள நீரும் அதில் கரைந்த உப்பும் ரேடியோ அலையை விழுங்கிவிடும். ஈரக் களிமண்ணில் தரையூடுருவும் ரேடாரை வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு மீட்டர் போவதே அரிது. உறைந்த நீர் அப்படியன்று. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் இறுகிக் கிடப்பதால் கடந்து செல்லும் அலைக்கேற்ப ஆட முடியாது. அதனால் அலையின் ஆற்றலைப் பெரிதாக உறிஞ்சவும் செய்யாது. அலைக்குப் பனிக்கட்டி கிட்டத்தட்ட ஒரு கண்ணாடிச் சன்னல். இந்த உண்மை பூமியில் தெரியவந்த விதமும் வேடிக்கையானது. பனிப்படலங்களின் மேலே பறந்த விமானங்களின் ரேடார் உயரமானிகள் தவறான உயரத்தைக் காட்டின. அலை பனியின் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே புகுந்து அடியிலுள்ள பாறையில் பட்டுத் திரும்பியதே காரணம். விமானிக்கு ஆபத்தாக இருந்த அந்தப் பிழையையே 1960களில் ஒரு கருவியாக மாற்றிக்கொண்டு, அண்டார்க்டிகாவிலும் கிரீன்லாந்திலும் பனியின் தடிமனை அளக்கத் தொடங்கினார்கள்.

செவ்வாயில் அந்த வேலையை இரண்டு ரேடார்கள் செய்கின்றன, இரண்டிலும் இத்தாலியின் பங்கு பெரிது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்திலுள்ள மார்சிஸ் 1.8 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பயன்படுத்துகிறது. சில கிலோமீட்டர் ஆழம் வரை பார்க்கும், ஆனால் நுணுக்கம் குறைவு. நாசாவின் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரிலுள்ள ஷராட் 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அதன் ஆழம் குறைவு, நுணுக்கம் அதிகம். ஷராட் அனுப்பும் துடிப்பின் திறன் 10 வாட், வீட்டில் எரியும் ஒரு எல்.இ.டி. பல்புக்குச் சமம். அதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, பல நூறு மீட்டர் பனிக்குக் கீழேயுள்ள தரையைத் தொட்டுத் திரும்புகிறார்கள்.

அலை நீளமானால் அலைவாங்கியும் நீளமாக வேண்டும். மார்சிஸின் இரண்டு கைகளும் தலைக்கு 20 மீட்டர். மடித்து வைத்த மெல்லிய குழாய்கள். விரியும்போது சாட்டைபோலத் துள்ளிக் கலத்தையே அடித்துவிடுமோ என்ற அச்சத்தில், 2003 இறுதியில் செவ்வாயை அடைந்த கலம் 2005 மே மாதம் வரை அவற்றை விரிக்காமலே சுற்றியது. விரித்தபோது ஒரு கையின் ஒரு மடிப்பு மட்டும் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளவில்லை. கலத்தைத் திருப்பி அந்தக் கையின் குளிர்ந்த பக்கத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெயிலில் காய வைத்தார்கள். சூடேறியதும் மடிப்பு நிமிர்ந்துகொண்டது. உங்கள் தொழிலில் கம்ப்ரஸர் குழாயைச் சூடுகாட்டி நிமிர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் ஏமாந்து போவதாகச் சொல்வது அவர்களுக்கும் உண்டு. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி (பொறியியல் கல்லூரி மாணவர்): ரேடார் எதிரொலி ‘கீழே ஓர் அடுக்கு இருக்கிறது’ என்று மட்டும்தானே சொல்லும்? அந்த அடுக்குக்கு மேலே இருப்பது பனியா, மண்ணா, எரிமலைப் பாறையா என்பதை எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில்: இந்தத் துறையின் உயிர்நாடி இக்கேள்விதான், ஆகவே கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம். கருவி அளப்பது நேரத்தை மட்டும்: மேற்பரப்பின் எதிரொலி வந்து எத்தனை மைக்ரோநொடி கழித்து அடுத்த எதிரொலி வந்தது என்பதை. வெற்றிடத்தில் ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் செல்லும். ஒரு பொருளுக்குள் நுழைந்தால் அதன் வேகம், மேல்நிலைப் பள்ளியில் ஒப்புமை விடுதிறன் என்று படித்தோமே, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுபடும். தூய பனிக்கட்டிக்கு அந்த எண் 3.15 அளவில் இருக்கும். அடர்ந்த எரிமலைப் பாறைக்கு 8ஐ ஒட்டி இருக்கும்.

உதாரணத்துக்கு, இரண்டாவது எதிரொலி 6 மைக்ரோநொடி தாமதமாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் ஆன நேரம் அது என்பதால் பாதியாக்கினால், வெற்றிடக் கணக்கில் 900 மீட்டர். நடுவில் இருப்பது பனி என்றால் ஆழம் ஏறக்குறைய 510 மீட்டர், பாறை என்றால் ஏறக்குறைய 320 மீட்டர். நேரம் ஒன்றே, பொருளுக்கேற்ப ஆழம் வேறு. எனவே ஆழத்தை வேறு ஏதேனும் வழியில் அறிந்துகொள்ள முடிந்தால், பொருள் எது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அந்த வேறு வழியை நிலத்தின் அமைப்பே சில இடங்களில் தந்தது. ஹெல்லாஸ் என்ற மாபெரும் பள்ளத்தின் கிழக்கிலும், வடக்கே டியூட்டரோநைலஸ் என்ற பகுதியிலும், தனித்து நிற்கும் மலைகளின் அடிவாரத்தைச் சுற்றிப் பாவாடை விரித்தாற்போல் மண்ணும் கல்லும் மூடிய மேடுகள் பரந்து கிடக்கின்றன. 1970களில் நாசாவின் வைக்கிங் சுற்றுகலன்கள் எடுத்த படங்களிலேயே அவை தெரிந்தன. அவை கொஞ்சம் பனி கலந்த கற்குவியலா, மேலே மட்டும் கல் மூடிய பனியாறா என்பதில் முப்பது ஆண்டுகள் கருத்து வேற்றுமை இருந்தது. ஷராட் அவற்றின் மேல் சென்றபோது அடியிலிருந்து தெளிவான எதிரொலி வந்தது. மேட்டுக்கு வெளியே சமவெளி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். அதே சமவெளிதான் மேட்டுக்கு அடியிலும் தொடர்கிறது என்று கொள்வது இயல்பு. எதிரொலி நேரத்தைப் பாறையின் எண்ணால் ஆழமாக மாற்றியபோது, மேட்டின் அடித்தளம் பக்கத்துச் சமவெளியைவிட மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பனியின் எண்ணை இட்டபோது இரண்டும் ஒரே கோட்டில் பொருந்தின. அதோடு, எதிரொலி வலிமை குன்றாமல் வந்ததும் இடையில் கற்கள் அதிகம் இல்லை என்பதைக் காட்டியது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளியான அந்த ஆய்வுகள், சில மீட்டர் கற்போர்வைக்குக் கீழே பல நூறு மீட்டர் தடிமனில் பெரும்பாலும் பனியே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தன. முப்பது ஆண்டுச் சச்சரவை வரைபடத்தில் பொருந்திய ஒரு கோடு தீர்த்துவைத்தது.

இனி ஏமாற்றங்கள். பக்கத்தில் ஒரு குன்று இருந்தால் அதன் சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் தாமதமாகவே வரும். கீழே ஓர் அடுக்கு இருப்பதைப் போலவே தோற்றமளிக்கும். இதைக் களைய, மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் லேசர் உயரமானியால் தயாரித்த நிலவரைபடத்தை வைத்து, ‘மேற்பரப்பு மட்டும் இருந்தால் என்னென்ன எதிரொலிகள் வரும்’ என்று கணினியில் ஒரு போலிப் பதிவை உருவாக்கி, உண்மைப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். போலியில் இல்லாமல் உண்மையில் மட்டும் இருப்பதே நிலத்தடி எதிரொலி.

அடுத்த ஏமாற்றம் இதைவிடக் கடினமானது. காற்று இடைவெளிகள் நிறைந்த உலர்ந்த எரிமலைச் சாம்பலின் விடுதிறனும் 3ஐ ஒட்டியே இருக்கக்கூடும். செவ்வாயின் நடுக்கோட்டருகே உள்ள மெடூசா ஃபோசே என்ற பெரும் படிவில் மார்சிஸ் 2007இல் கண்டது இத்தகைய எண்ணையே. பனியா, சாம்பலா? 2024இல் வந்த மறு ஆய்வு, படிவு 3.7 கிலோமீட்டர் வரை தடித்தது என்று கண்டு, அவ்வளவு தடித்த சாம்பல் தன் எடையாலேயே நசுங்கி அடர்ந்திருக்கும், அப்போது விடுதிறன் உயர்ந்திருக்கும், ஆகவே பனி இருந்தாக வேண்டும் என்று வாதிட்டது. வலுவான வாதம்தான். ஆனால் அங்கே ஹெல்லாஸில் பொருந்தியதைப் போன்ற ஒரு கோடு இல்லை. நடுக்கோட்டில் பனி என்ற செய்தியைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கேட்கிறான்: மண்ணுக்கடியில் உள்ள பனியை யாரும் படம் பிடித்ததே இல்லையா?

பதில்: பிடித்திருக்கிறார்கள். தோண்டும் வேலையை விண்கற்கள் செய்து கொடுத்தன. மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரின் பரந்த பரப்பைக் காட்டும் கேமரா ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுக்கும்போது, முன்பு இல்லாத கரும்புள்ளி ஒன்று தோன்றினால் அங்கே புதிதாக விண்கல் விழுந்திருக்கிறது என்று பொருள். உடனே ஹைரைஸ் என்ற கூர்மையான கேமராவை அங்கே திருப்புவார்கள். 2008இல் இப்படிப் பார்த்த சில சிறு பள்ளங்களின் உள்ளே பளிச்சென்று வெண்மை தெரிந்தது. சில மாதங்களில் அது மங்கி மண்ணின் நிறத்துக்கு மாறியது. பீனிக்ஸ் குழியில் மறைந்த துண்டுகளின் கதையே பெரிய அளவில் நடந்தது.

உன் வயதுக்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு கிளைச் செய்தி, தம்பி. 1976இல் வைக்கிங் 2 தரையிறங்கி, ஏறக்குறைய 48 பாகை வடக்கில், தன் கையால் மண்ணைச் சுரண்டியது. புதிய பள்ளங்களில் பனி தெரிந்த ஆழத்தை வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், அந்தக் கை இன்னும் ஒரு சாண்கூடப் போக வேண்டியிருக்கவில்லை, மேலும் பத்து சென்டிமீட்டர் போலத் தோண்டியிருந்தாலே பனியைத் தொட்டிருக்கலாம் என்றார்கள். அது நடந்திருந்தால் ஒடிசிக்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே சங்கதி தெரிந்திருக்கும்.

மிகப் பெரிய பள்ளம் 2021 டிசம்பர் 24 அன்று விழுந்தது. செவ்வாயின் தரையில் நின்ற இன்சைட் கலத்தின் நில அதிர்வுமானி அந்த அதிர்வைப் பதிவுசெய்தது; பிறகு சுற்றுகலன் படங்களில் 150 மீட்டர் அகலப் பள்ளமும், சுற்றிலும் சிதறிய பனிப்பாளங்களும் தெரிந்தன. இடம் 35 பாகை வடக்கு. அவ்வளவு தெற்கே பனியை அதற்கு முன் யாரும் நேரில் பார்த்ததில்லை.

பள்ளங்களைத் தவிர, 2018இல் எட்டு இடங்களில் செங்குத்தான சரிவுகள் வெளிச்சத்துக்கு வந்தன. அரிந்த கேக்கின் ஓரம்போல, ஒன்றிரண்டு மீட்டர் மண்ணுக்குக் கீழே நூறு மீட்டருக்கும் மேல் தடித்த பனி அங்கே திறந்து கிடக்கிறது. நிறத்தை மிகுத்துக் காட்டும் படங்களில் நீலமாகத் தெரிகிறது.

கேள்வி (வங்கி அலுவலர்): செவ்வாயில் பனி வெளியே இருந்தால் ஆவியாகிவிடும் என்கிறீர்கள். அப்படியானால் 40 பாகையில் நூறு மீட்டர் பனி எங்கிருந்து வந்தது, ஏன் இன்னும் தீரவில்லை?

பதில்: பனியாகப் பெய்த காலத்தில் செவ்வாய் வேறு விதமாகச் சாய்ந்திருந்தது. இன்று அதன் அச்சின் சாய்வு 25 பாகை, நம் பூமியின் 23.4க்கு நெருக்கம். ஆனால் பூமியின் சாய்வைப் பெரிய நிலவு ஒன்று பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது. செவ்வாயின் இரண்டு நிலவுகளும் வெறும் பாறைத் துண்டுகள். அவற்றால் அது முடியாது. கடந்த 50 இலட்சம் ஆண்டுகளில் செவ்வாயின் சாய்வு 15 முதல் 35 பாகை வரை ஊசலாடியதாகவும், அதற்கு முன் 45 வரைகூடப் போயிருக்கலாம் என்றும் கணக்குகள் காட்டுகின்றன. சாய்வு கூடும்போது துருவங்கள் கோடையில் நெடுநேரம் வெயில் காய்ந்து, அங்கிருந்து கிளம்பிய நீராவி நடு அட்சரேகைகளில் பனியாகப் பொழிந்து தங்கியது. சாய்வு குறைந்தபோது அது மீண்டும் துருவத்துக்குத் திரும்பத் தொடங்கியது. பனி பதங்கமாகும்போது உள்ளிருந்த தூசி மேலே தங்கித் தங்கி ஒரு போர்வையாகி, மிச்சப் பனிக்குக் காப்பாகிவிட்டது. பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்து விற்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

கேள்வி (பெயர் குறிப்பிடாத வாசகர்): தென் துருவத்தில் ஏரி கண்டுபிடித்தார்களே, அது என்ன ஆயிற்று? நம் மங்கள்யான் இதில் ஏதும் செய்ததா?

பதில்: 2018இல் மார்சிஸ் குழு, தென் துருவப் பனிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் அடியில், 20 கிலோமீட்டர் அகலத்தில் மிகப் பிரகாசமான எதிரொலி வருவதாகவும், நீர்ம நிலை நீரே அதற்குக் காரணம் என்றும் அறிவித்தது. எதிரொலி உண்மை. விளக்கம்தான் சிக்கல். அந்த இடத்தின் குளிரில் நீர் உறையாமல் இருக்க அளவுகடந்த உப்பு வேண்டும்; சில களிமண் வகைகளும், எரிமலைப் பாறையும், மெல்லிய அடுக்குகளில் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும் அதே பிரகாசத்தைத் தரக்கூடும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஷராட் நெடுங்காலம் அங்கே ஒன்றையும் காணவில்லை. அண்மையில் சுற்றுகலனையே 120 பாகை புரட்டி, அலைவாங்கிக்குக் கலத்தின் உடல் மறைக்காதபடி செய்து பார்த்தபோது மெல்லிய எதிரொலி ஒன்று கிடைத்தது. நீர் இருந்தால் இருக்க வேண்டிய வலிமை அதில் இல்லை. ‘ஏரி’ என்ற சொல்லை நான் இனிப் பயன்படுத்த மாட்டேன்.

மங்கள்யானில் ரேடாரும் இல்லை, நியூட்ரான் கருவியும் இல்லை. அதன் ஐந்து கருவிகளும் சேர்ந்தே 15 கிலோ அளவுதான். காற்று மண்டலத்தையும் மேற்பரப்பையும் பார்ப்பதற்காக அனுப்பிய கலம் அது.

கேள்வி (முதலில் கடிதம் எழுதிய தலைமையாசிரியரின் நண்பர்): மனிதர்கள் இறங்கினால் அந்தப் பனியை எடுத்துப் பயன்படுத்த முடியுமா? எங்கே தோண்டுவது என்று இப்போதே சொல்லிவிட முடியுமா?

பதில்: குடிக்கவும், பிரித்து ஆக்சிஜனும் எரிபொருளும் ஆக்கவும் அந்தப் பனி வேண்டும், மண்ணில் பீனிக்ஸ் கண்ட பெர்குளோரேட் உப்பை வடித்துப் பிரித்த பிறகுதான் குடிக்கலாம். எங்கே என்பதற்கு, நாசாவின் ஆதரவில் நடந்த ஸ்விம் என்ற வரைபடத் திட்டம் நியூட்ரான் எண்ணிக்கை, தரை வெப்பநிலை, நிலத்தோற்றம், ரேடாரின் மேற்பரப்பு எதிரொலி, அடியெதிரொலி ஆகிய ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. எத்தனை சான்றுகள் ஒரே இடத்தில் ஒத்துச் சொல்கின்றனவோ அத்தனை நம்பிக்கை. வெயிலும் சமவெளியும் வேண்டும் தரையிறங்குபவர்களுக்கு, குளிர் வேண்டும் பனிக்கு. இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும் இடங்களாக வடக்கே ஆர்க்கேடியா சமவெளியின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. யூடோப்பியா சமவெளியில் 80 முதல் 170 மீட்டர் வரை தடித்த, வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியளவு நீரை உள்ளடக்கிய படிவு ஒன்றை 2016இல் ஷராட் காட்டியது.

ஆனால் தோண்டுபவருக்கு ஒரு தொல்லை இருக்கிறது. நியூட்ரான் கருவிக்கு முதல் ஒரு மீட்டருக்குக் கீழே பார்வை இல்லை. ஷராடுக்கோ, மேற்பரப்பின் பலத்த எதிரொலி அடங்குவதற்குள் முதல் 15, 20 மீட்டர் கடந்துபோய்விடும். தரை வெப்பநிலையும் ஒரு மீட்டருக்குள் உள்ள பனியைத்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு மீட்டர் முதல் பதினைந்து மீட்டர் வரை, அதாவது துளையிடும் பொறியோடு இறங்கும் மனிதர் உண்மையில் தோண்டக்கூடிய ஆழத்தில்தான், இப்போதுள்ள சுற்றுகலன்களின் பார்வை மிக மோசம். அந்த இடைவெளிக்கென்றே குறுகிய அலை ரேடாருடன் ஒரு கலத்தை அமெரிக்கா, கனடா, ஜப்பான், இத்தாலி ஆகிய நாடுகளின் விண்வெளி நிறுவனங்கள் சேர்ந்து திட்டமிட்டன. 2022இல் நாசா தன் நிதிநிலைத் திட்டத்திலிருந்து அதை நீக்கிவிட்டது.